ஆறாம் படுக்கையின் பச்சை விளக்கு

எனக்கு நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்திலேயே இதற்காகப் பலமுறை வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். ஐயா, நீங்கள் முடித்து வைத்த விசாரணை பற்றித்தான் இதை எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தால் அந்த நாற்காலியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் கம்பெனியின் சோதனை அறையில் நாற்காலியைப் பின்னங்கால்களில் சாய்த்துக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தேன். சறுக்கியது. விழாமலிருக்க மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கான அழைப்புப் பொத்தான்கள் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே கணத்தில் அழுந்தின. நர்ஸ் பார்க்கும் திரையில் ஒரு படுக்கையின் எண்தான் வந்தது. நான் முதலில் தரையில் கிடந்த பன்னைத்தான் எடுத்தேன்.

பொத்தானுக்கும் கணினிக்கும் நடுவில் நின்று சேதி சொல்லும் சிறு நிரல், டிரைவர் என்பார்கள், என் கைவேலை. கோளாறு எளிமையானது. ஒரு நோட்டின் ஒரே காலி வரியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்து இருவரும் எழுதினால், பிந்தியவர் எழுத்து முந்தியவர் எழுத்தின்மேல் விழும். முந்தியவர் வந்து போனதற்கே தடயம் இருக்காது. தொழிலில் இதற்கு டேட்டா ரேஸ் என்று பெயர். பந்தயம்தான், ஆனால் தோற்றவர் ஓடியதே யாருக்கும் தெரியாது.

அதைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஒவ்வொரு அழுத்தத்தின் நேரத்தையும் பதிவேட்டில் எழுதும்படி ஒரு வரி சேர்த்தேன். உடனே கோளாறு காணாமல் போய்விட்டது. பதிவேட்டில் எழுத ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அந்த வரிசையில் நின்றதால் இருவரும் முட்டிக்கொள்ளவில்லை. இயந்திரக் கையை வைத்து நாற்பதாயிரம் முறை அழுத்திப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. நோய் தீரவில்லை, காய்ச்சல் மட்டும் இறங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டை முறையாகப் போட நான்கு வரி போதும். ஆனால் குறை இருந்தது என்று எழுதினால் மொத்தத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும், அதற்கு ஆறு வாரம். சரக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

மேலாளர் கதவருகே தலையை நீட்டினார். "என்னப்பா, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

நிரலில் எதை மாற்றினாலும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு, அதில் 'கண்காணிப்புக்காக' என்று போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர்கள் எங்கள் பதிவேட்டைப் பார்த்ததில்லை.

என் மனைவியின் தம்பிக்கு அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். ஆபீசில் அவனைத் துடைப்பம் என்று கூப்பிடுவார்கள். வாரம் ஒருமுறை கீபோர்டின் பொத்தான்களைக் கழற்றிக் கழுவுவான். தன்னுடையது முடிந்தால் அடுத்தவருடையது. பதிவேடு நிரம்பி வழிகிறது என்று புகார் வந்தபோது, அதைச் சுத்தம் செய்யும் வேலை அவனைத் தேடிப் போனது.

அவன் என்னிடம் கேட்டான். உங்கள் அறிக்கையில் இது இல்லை.

"அத்தான், பொத்தான் டிரைவர்ல ஒரு வரி நேரத்தை எழுதித் தள்ளிக்கிட்டே இருக்கு. எதுக்கு அது? எடுத்துடவா?"

மேலாளர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அது சும்மா கிடக்கு. தண்டச்சோறு, என்னை மாதிரி. எடுத்துடு."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு நகைச்சுவை நன்றாக வரும்.

அவன் அந்த வரியை எடுத்த பதினோராவது வாரம், ஒரு மதியம், ஒரு வார்டில் ஆறாம் படுக்கையும் ஏழாம் படுக்கையும் ஒரே கணத்தில் அழுத்தின. திரையில் ஏழு மட்டும் வந்தது. நர்ஸ் போய், கேட்டுக்கொண்டபடி ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினார். ஆறாம் படுக்கையில் ஒரு தையல்காரப் பெண். காலையில் ஆபரேஷன் முடிந்து, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நடுவில் திரைச்சீலை. அழைப்பு போய்ச் சேர்ந்தது என்று காட்ட, பொத்தானிலேயே ஒரு பச்சை விளக்கு உண்டு. திரையில் எண் வந்தாலும் வராவிட்டாலும், விரல் பட்டதும் எரியும். காத்திருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை வைக்கச் சொன்னவன் நான். அவர் இரண்டாவது முறை அழுத்தவில்லை. யாரோ வந்து பார்த்தபோது பொத்தான் கையிலேயே இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வரியை நீக்கியது யார் என்று விசாரணையில் கேட்டீர்கள். நான் பொய் சொல்லவில்லை. ஆவணத்தில் இருந்த பெயரை வாசித்தேன், அவ்வளவுதான்.

அன்று மாலையே அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். காரணம்: 'தவறுதலாக நீக்கப்பட்டது.' பத்தொன்பது ஆஸ்பத்திரிகளில் இன்று ஓடுவது அதுதான். பூட்டுப் போடும் நான்கு வரியையும் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை. போட்டால் காரணக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

வேலை போன துடைப்பத்தை எங்கள் வீட்டு மாடியறைக்கு அழைத்து வந்தேன். எனக்கும் ஈரநெஞ்சு உண்டு. சாப்பாட்டு மேஜையில் என் ஜோக்குக்கு அவன் சிரிக்காதபோது, அவனுக்காக நானே சிரித்துக்கொண்டேன். ஐந்து மாதமாக யாரிடமாவது கேட்டபடியே இருக்கிறேன், இதில் என் பங்கு எவ்வளவு என்று. "எல்லாம் நேரம்ப்பா" என்றார் மேலாளர். "அவன் செஞ்சதுக்கு நீங்க ஏன் மருகுறீங்க? சாப்பிடுங்க" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வரியைச் சேர்த்தவன் நான், எடுத்தவன் அவன். பாதிப் பாதி என்றால்கூட நியாயமான கணக்குதான்.

நேற்று மாடிக்குப் போனேன். அவன் என் கீபோர்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட கேட்டுட்டுத்தானே எடுத்த. அதை விசாரணையில ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

அவன் தலை நிமிரவில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் வரிசையாக வைத்தான். நான் விட்டிருக்கலாம். ஆனால் நியாயம் பேசுவது என் பழக்கம்.

"சரி, அன்னைக்கே அந்த வரி எதுக்குன்னு நான் உண்மையைச் சொல்லியிருந்தா மட்டும் என்ன மாறியிருக்கும், சொல்லு."

அவன் கையிலிருந்த கடைசி எழுத்தையும் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அந்தம்மா இப்ப தச்சுக்கிட்டிருப்பாங்க, அத்தான்."