மூக்குல வந்த ஏரித்தண்ணி

போ தங்கச்சி, போ. நாலு மணி பஸ்சு போனா பழவேற்காட்டுக்கு வேற பஸ்சே கெடையாது பாரு. டாக்டருக்கு இன்னா தெரியும்? தூளியிலேர்ந்து விழுந்த புள்ளைக்கு மூக்குல தண்ணி ஒழுவுதுனா, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்கனு சீட்டு எழுதிக் குடுக்கறாரு. உங்க மாமியாதான் சளினு சொல்லிட்டாங்களே, அவங்கள வுடப் பெரிய டாக்டரா இவரு?

நானா? நான் புள்ளைக்காக வரல. தோ, கால்ல கட்டு போட்டுக்கினு பெஞ்சுல குந்தினுருக்குதே, அது எங்க ஆளு, எம் புருசன். கெளுத்தி மீனு முள்ளு குத்திக்கிச்சு. ஏரியக் கரைச்சுக் குடிச்ச மனுசன். தண்ணியப் பத்தி அதுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல.

எங்க புள்ள ஆதி, கரையில கட்டியிருந்த படகுல வெளையாடினு இருந்தான். எழுவத்தஞ்சாம் வருசம், ஆடி மாசம். வழுக்கி, மண்டை படகு விளிம்புல மோதி, ஏரியில விழுந்துட்டான். தூக்கினதும் எங்க ஆளு இன்னா பண்ணுச்சு தெரியுமா? காலப் புடிச்சு தலைகீழாத் தொங்க வுட்டு சுத்துச்சு. குடிச்ச தண்ணி வெளிய வரணுமாம். வந்துச்சும்மா. அன்னிக்கு வந்துச்சு, மறுநாளும் வந்துச்சு, மூணாம் நாளும் வந்துச்சு. ஒரு பக்க மூக்குல மட்டும், குனிஞ்சா சொட்டு சொட்டா, கண்ணாடி மாதிரி. பாதி ஏரிய மண்டையில ரொப்பினு வந்துட்டான் போலனு குப்பமே சிரிச்சுது. எங்க கொழுந்தன் சகாதேவன் விரலால தொட்டு நக்கிப் பாத்து, உப்புக் கரிக்குது, நம்ம உப்பு ஏரித்தண்ணியேதான்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. ஜட்ஜய்யா சொன்னப்புறம் அப்பீலு ஏது?

டாக்டராண்ட காட்டலியானு கேக்கறியா? இல்ல இல்ல, கூட்டியாந்தேன். நாலாம் நாளு, இங்கதான். அப்ப இருந்த டாக்டரு சொன்னாரு, மண்டையோட்டுல விரிசல்மா, ஒழுவறது மூளையச் சுத்தி இருக்கற தண்ணி, அது வர்ற வழியிலயே கிருமி உள்ள போயிடும், வூட்டுக்குக் கொண்டு போவாதனு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏரியில விழுந்த புள்ளைக்கு மூக்குல தண்ணி வராம பாலா வரும்னு அவரு மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். புள்ளையும் சிரிச்சினு பிஸ்கோத்து துன்னுனு இருந்தான், உன்னுது மாதிரியேதான். சீட்ட மடிச்சு இடுப்புல சொருவினு பஸ்சு ஏறிட்டேன்.

ரெண்டு நாளு ஒண்ணுமில்ல. டாக்டர நல்லாத் திட்டினோம். மூணாம் நாளு ஜொரம். கழுத்து மரக்கட்டையாட்டம் வெறச்சுப் போச்சு, வெளிச்சத்தப் பாத்தா கத்தறான். அப்புறம் வலிப்பு. மெட்ராஸுக்குத் தூக்கினு ஓடனோம். இத்தினி நாளு இன்னா பண்ணீங்கனு அங்க கேட்டாங்க. மடிச்சு வச்சிருந்த அந்தச் சீட்ட எடுத்து நீட்டினேன்.

இன்னா, எந்திரிச்சவ குந்திட்ட? பஸ்சுக்காரன் ஆரன் அடிக்கிறான் பாரு. சரி, குந்து. புள்ளைய மூக்கு சிந்த வுடாத.

அவனுக்கு இப்ப இன்னா வயசா? ரெண்டரை. மாலை போட்ட படத்துல ஒம்போது வருசமா ரெண்டரைதான்.