முதுகுக்குப் பின்னால் ஒரு கை

முதலில் உட்கார்ந்துகொள்கிறேன் மேடம். திரைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு நாற்காலி போடும் வழக்கம் எந்த மேடையிலும் கிடையாது. பதினான்கு வருடம் நின்றதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இன்றைக்கு அரியலூரிலிருந்து பஸ்ஸிலும் நின்றுகொண்டுதான் வந்தேன்.

பெயர் பழனிவேல். வயது ஐம்பத்து நான்கு. அரியலூரில் ஒரு சிமெண்டுக் கடையில் குடோன் பொறுப்பு. எங்கள் நாடகத்தில் நடித்த சகாய ஆனந்த் மேடையிலிருந்து விழுந்த அன்று உங்கள் எஸ்.ஐ. என்னிடம் எழுதி வாங்கினார். 'படுதாவில் கால் சிக்கியது, கை கொடுக்கத் தவறிவிட்டேன்' என்று அதில் இருக்கும். அது சரியில்லை. மாற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஞாயிறு நாடகக் குழு என்று எங்களுக்குப் பெயர். வாத்தியார், நர்ஸ், கடைக்காரர் என்று ஆளுக்கொரு வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒத்திகை. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வேடம் போட்ட ஆண், நாடகம் முடிந்ததும் மேடை நடுவில் நின்று விக்கைக் கழற்ற வேண்டும். தலை காட்டுவது என்போம். கூட்டம் விசிலடிக்கும். "அட, நம்ம பழனிவேலுடோய்" என்று யாராவது கத்துவார்கள். அதோடு சரி. மறுநாள் அதே ஆட்கள் கடைக்கு வந்து மரியாதையாக அண்ணே என்பார்கள். பதினாறு வருடம் நான் அப்படித்தான் தலை காட்டிவிட்டு வீடு திரும்பினேன். நாற்பது வயதில் தொப்பை விழுந்ததும் வேடத்தை விட்டுவிட்டு மேடைப் பொறுப்புக்கு வந்துவிட்டேன்.

ஒருமுறை என் மனைவி சுமதி மத்தியானம் சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். கண்ணாடி முன்னால், அவளுடைய புடவையில், நான் நின்றுகொண்டிருந்தேன். ஒத்திகை என்றேன். தலையாட்டிவிட்டு உலை வைக்கப் போனாள். அந்த வருடம் எங்கள் குழுவில் நாடகமே போடவில்லை.

இதைச் சொல்வது வெட்கப்படுவதற்காக அல்ல. இந்த மாதிரி விஷயத்தில் ஒரு மனிதன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காக.

சகாய ஆனந்துக்கு அது தெரியவில்லை. வரதராசன்பேட்டைப் பையன், இருபத்தேழு வயது. அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா இல்லை. அம்மா அமலோற்பவமேரி முந்திரி உடைத்துப் படிக்க வைத்தவர். அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தால் தெரியும், முந்திரி ஓட்டுப்பால் பட்டுக் கறுத்துப் போயிருக்கும்.

இந்த வருடம் எங்கள் சத்யப்பிரியா ஒரு பாட்டு நாடகம் எழுதினாள். நர்ஸாக இருப்பவள். 'இதுவும் நான்' என்று பெயர். குன்னத்தில் டிராக்டர் மெக்கானிக்காக இருக்கும் கண்ணையன் என்பவன் திருவிழாக்களில் பெண் வேடம் போட்டு ஆடுகிறான். ஊராரிடம் அது பிழைப்புக்காக என்று சொல்கிறான். உண்மையில் அது அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஒன்பது பாட்டில் அவன் அதை ஒப்புக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை. கடைசிப் பாட்டில் விக்கில் கை வைத்து, கழற்றப் போகிறவன் போல நின்று, கழற்றாமல் பாடுவான்.

கழற்றி வைக்கப் பொய்யில்லை,
கண்ணாடியே, இது என் முகம்.

பாடிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்து இருட்டுக்குள் போய்விடுவான். தலை காட்டுவது கிடையாது.

வேடம் ஆனந்துக்கு என்று முடிவானதும், புடவைக் கட்டு சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணே, எனக்கு வரும்" என்றான். கட்டிக்கொண்டு வந்து நின்றான். கொசுவத்தில் ஒரு மடிப்புக்கூடப் பிசகவில்லை. எங்கே கற்றாய் என்று நான் கேட்கவில்லை.

கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும் ஒத்திகையில் சொன்னேன்.

"தலையைக் காட்டலன்னா சனங்க ஒத்துக்க மாட்டாங்க சத்யா. நாளைக்கு இவன் பள்ளிக்கூடத்துக்குப் போவணும்."

"அண்ணனுக்கு வழுக்கையைக் காட்டாம தூக்கம் வராது" என்றாள் சத்யப்பிரியா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"போனா போறேண்ணே" என்றான் ஆனந்த். "பசங்களுக்கு அல்ஜீப்ராவே புரியல. இதுவா புரியப்போவுது?"

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் காட்சி போட்டோம். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கடைசிப் பாட்டில் ஒருவர்கூட விசிலடிக்கவில்லை. விளக்கு வந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரண்டு மூன்று பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு யாரும் ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. அது பரவாயில்லை.

அடுத்த வாரம் அவன் குடோனுக்கு வந்தான். குழுவின் பழைய ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தான், அதைத் திருப்பிக் கொடுக்க. மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னான்.

"உங்க போட்டோவெல்லாம் பாத்தேண்ணே. சூப்பரா இருக்கீங்க. தலையைக் காட்டுறீங்க பாருங்க, அந்தப் போட்டோல மட்டுந்தான் நடிக்கிற மாதிரி இருக்கு."

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னான். குரலில் கேலி இல்லை. டீ குடித்துவிட்டு, கால்சட்டையில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிவிட்டுப் போனான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த காட்சி பெரம்பலூரில். அதற்கு நான்கு நாள் முன்னால், அவன் அம்மா பார்க்க வரப்போவதாகச் சொன்னான். தனியாக இல்லை, கோயில் தெருவிலிருந்து நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு. முந்திரி உடைத்து வளர்த்த தாய். தெருக்காரர்களை வைத்துக்கொண்டு, மகன் புடவையோடு நின்று இதுதான் என் முகம் என்று பாடுவதைக் கேட்க வேண்டும். கடைசியில் தலை காட்டினாலாவது சிரித்துச் சமாளித்துக்கொண்டு போகலாம்.

"அம்மாவ வரவேணாம்னு சொல்லுடா" என்றேன்.

"ஏண்ணே?"

"தாங்க மாட்டாங்க."

"உங்களுக்கு எங்கம்மாவத் தெரியாது" என்று சிரித்தான்.

"அப்ப அன்னிக்கு மட்டும் தலையைக் காட்டிடு. ஒரு நாள்தானே?"

"நீங்க எத்தன நாளுண்ணே காட்டுனீங்க?" என்று கேட்டான்.

அந்த அம்மாவுக்கே போன் செய்தேன். பஸ் வசதி சரியில்லை, திரும்பக் கஷ்டப்படுவீர்கள் என்றேன். "அதெல்லாம் வந்துடுவோம்ணே, நீங்க அலையாதீங்க" என்றார். என்னால் முடிந்ததை எல்லாம் செய்துபார்த்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பெரம்பலூர்க் கலையரங்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திறந்த மைதானம், சிமெண்டு மேடை, பின்பக்கம் சுவர் கிடையாது. நாங்கள் கறுப்புப் படுதா கட்டினோம். படுதாவுக்குப் பின்னால் நான்கடி இடம். அதற்கப்புறம் ஆறடிப் பள்ளம், கீழே குழாயடித் திட்டு. பின்பக்கம் இறங்குவதற்கு எங்களிடம் மரப்படி ஒன்று இருக்கிறது. இறங்க மட்டுமல்ல, அதன் கைப்பிடி விளிம்புக்குத் தடுப்பாகவும் நிற்கும். வேனில் கொண்டுவந்திருந்தோம். நான் அதை இறக்கச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் எடுத்துவர மறந்துவிட்டது என்றேன்.

பின்னால் நடந்து வரும் நடிகன் திரும்பிப் பார்க்க மாட்டான். பார்த்தால் காட்சி கெட்டுவிடும். அதனால் நான் படுதாவின் பிளவில் நிற்பேன். அவன் உள்ளே வந்ததும் முதுகில் என் உள்ளங்கையை வைப்பேன். கை பட்டால் நிற்க வேண்டும் என்று அர்த்தம். அன்று மத்தியானம் அவனை நடக்கவிட்டுப் பார்த்தோம். பதினோரு அடி. பதினோராவது அடியில் என் கை. நாலு முறை செய்தோம். நாலு முறையும் சரியாக இருந்தது.

"கண்ண மூடிட்டு வருவேண்ணே உங்கள நம்பி" என்றான்.

"வா" என்றேன்.

விளக்குப் பொறுப்பு குருநாதனுடையது. பாட்டு முடிந்து இருட்டாக்கிப் பத்து எண்ணி விளக்குப் போடுவது வழக்கம். அன்று இருபது எண்ணச் சொன்னேன். பாட்டு சனங்கள் மனதில் நிற்கட்டும் என்றேன். நல்ல யோசனை என்றான்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். படுதா இடுக்கு வழியாக அவர் முகத்தை அடிக்கடி பார்த்தேன். அசையாமல் இருந்தது. அவமானத்தில் உறைந்துவிட்டார் என்று நினைத்தேன். கடைசிப் பாட்டு வந்தது. ஆனந்த் விக்கில் கை வைத்தான். கழற்றாமல் கையை எடுத்தான். பாடிக்கொண்டே பின்னால் வந்தான்.

கால் சிக்கியது என்று எழுதிக் கொடுத்தேன் அல்லவா? சிக்கவில்லை. கை தவறியது என்றேன். தவறவில்லை. பதினோராவது அடியில் அவன் முதுகில் என் கை இருந்தது. ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கை பட்டதும் நின்றான். விளக்கு அணைந்தது. வெளியே கைதட்டல்.

"நல்லா இருந்துச்சாண்ணே?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"நல்லா இருந்துச்சு" என்றேன். அது உண்மை. பிறகு கையை எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கினேன். "விளக்கு வந்தா படுதா இடுக்குல நீ தெரிவ ஆனந்து. இன்னும் ரெண்டு அடி பின்னால வா" என்றேன்.

வந்தான். முதல் அடிக்கு இடம் இருந்தது.

நான் தள்ளவில்லை மேடம். விளக்கு வரும்போது நான் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கால் ஒடிந்து ஒரு மாதம் படுத்தால் போதும், நாடகம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். குழாயடித் திட்டு கீழே இருந்தது எனக்குத் தெரியும். அதையும் மறைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒன்று பேசுவார்களே என்று நான் கீழே இறங்கி, குனிந்து அவன் விக்கைக் கழற்றப் போனேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. அது அப்படியே இருக்கட்டும்."

அதிர்ச்சியில் சொல்கிறார் என்று நினைத்தேன். திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ஆனந்தின் உயிர் போய்விட்டது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு சத்யப்பிரியா என் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனந்துக்காக அந்த நாடகத்தை இன்னொரு முறை போட வேண்டும், அந்த வேடத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றாள். "வேற யாராலயும் முடியாதுண்ணே. அவன் உங்க பழைய போட்டோவ போன்ல வச்சிருந்தான்." துக்கத்தில் கேட்கும்போது மறுக்கக் கூடாது. சரி என்றேன். சுமதி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் ஒத்திகை போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அமலோற்பவமேரி அம்மா வந்தார். பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் கொடுத்தார். பச்சையில் மஞ்சள் கரை, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை.

"பெரம்பலூர்ல நாடகம் முடிஞ்சதும் அவன்கிட்ட குடுக்கலாம்னு வாங்குனேன்" என்றார். "அரியலூர்லயே பாத்துட்டேண்ணே. கடைசி வரிசையில உக்காந்து பாத்துட்டு அவனுக்குத் தெரியாம பஸ் ஏறிட்டேன். வீட்ல போயி ரெண்டு நாளு யோசிச்சேன். சின்ன வயசுல அவன் என் புடவையத் தொட்டதுக்கு அடிச்சிருக்கேன். அதான் நாலு பேரக் கூட்டிட்டு வந்தேன். அவங்க முன்னாடியே குடுக்கணும்னு."

நான் புடவையை வாங்கிக்கொண்டேன். கடைசிப் பாட்டை மட்டும் பாடிக் காட்டச் சொன்னார். பாடினேன். நன்றாகத்தான் வந்தது. கழற்றி வைக்கப் பொய்யில்லை என்ற இடத்தில் மட்டும் குரல் மேலே ஏறவில்லை. மூன்று முறை முயன்றேன். அந்த அம்மா என் கையைத் தடவிக்கொடுத்து, துக்கம் அடைக்கிறது, சரியாகிவிடும் என்றார்.

அந்தத் தாய் நாலு பேர் முன்னால் தலை குனியக் கூடாது என்றுதான் செய்தேன். நீங்கள் எப்படி எழுதினாலும் காரணம் அதுதான். அவர் புடவை வாங்கி வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எனக்கு வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பாடினால் குரல் அடைக்கும். சொல்லிவிட்டால் திறந்துவிடும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எனக்கு ஒத்திகை இருக்கிறது மேடம்.