பட்டியலில் முதல் பேர்

— அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போடு பாப்பா. மருந்துக்கடைக்காரங்க சங்கத்திலேருந்து விடிஞ்சதும் மூணு போன். உங்க பொண்ணும் அவ வகுப்புப் பிள்ளைங்களும் எங்க வயித்துல அடிக்கறாங்கன்னு ஒரே கத்தல்.

— கிழிக்க மாட்டேன்பா. நாளைக்கு மார்க்கெட் வாசல்ல ஒட்டறோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு.

— செத்த மாட்டைத் தின்னுற கழுகுக்காக ஊரையே பகைச்சுக்கணுமா?

— போன வருஷம் பாறையில பதினாலு எண்ணினோம். இப்ப ஏழு. மாட்டுக்கு வலி ஊசி போடறாங்க. அப்படியும் மாடு செத்துட்டா, மருந்து அதோட உடம்புலயே தங்கிடுது. அதைத் தின்ன கழுகு கழுத்து தொங்கி ரெண்டே நாள்ல விழுந்துடுது. ஒண்ணை நானே சாக்குல தூக்கிட்டு வந்தேன். என்ன கனம் தெரியுமா?

— அந்த ஊசியத்தான் தடை பண்ணியாச்சே!

— பண்ணியாச்சு. ஆனா மாடு படுத்துடுச்சுன்னு அழாத குறையா நின்னா அஞ்சு கடையில எடுத்துக் குடுக்கறாங்க. ரசீது மட்டும் கிடையாது.

— சரி, தப்புதான். 'சில கடைகள்'னு எழுதிட்டுப் போயேன். நாளைக்கு நான் அவங்க மூஞ்சில முழிக்க வேணாமா?

— பேர் போடாம எழுதினா யாருக்குப்பா உறைக்கும்?

— வாய் நீண்டுபோச்சு உனக்கு. காட்டு, யார் யாருன்னு பார்க்கறேன்... என்னது இது? முதல் பேரே நம்ம கடை!

— ஆமாம்பா.

— நீ எப்ப வந்து கேட்டே?

— நான் வரல. என் பெஞ்சுல உக்கார்ற சோடாபுட்டி வந்தா. நீங்க கல்லாவுக்குக் கீழேருந்து எடுத்து, பேப்பர்ல சுத்தி, யார்கிட்டயும் சொல்லாதேம்மான்னு குடுத்தீங்க. பாவம், ரெண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவே இல்ல அவ. முதல்ல எழுதுடின்னு நான்தான் சொன்னேன்.

— பெத்த அப்பன் பேரையா?

— மத்த நாலு பேரும் யாரோ ஒருத்தருக்கு அப்பாதானே?

— ஏம்மா, உள்ளே மருந்து அடுக்கினது போதும், இங்க வா! உன் பொண்ணு பேசறதைக் கேட்டியா?

— கேட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன்.

— ஒட்டட்டும், தாராளமா ஒட்டட்டும்! பின்னாடி ரூம்ல இருக்கற ஊசிப் பெட்டிய இப்பவே அப்புறப்படுத்தறேன். அதிகாரி வந்து எதைப் பிடிப்பார்னு பார்க்கலாம். சாவி எங்கே?

— சாவி வேணாங்க. பெட்டி அங்க இல்ல.

— இல்லியா? எங்கே போச்சு?

— ஃபார்மசி படிச்சது நான், லைசன்ஸும் என் பேர்ல. காலையிலேயே பெட்டிய அந்த மருந்து அதிகாரி ஆபீஸ்ல ஒப்படைச்சு, வித்தது எங்க கடைதான்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டு வந்துட்டேங்க.