கிணற்று மரைக்கார்

— வாளிய மெல்லமா இறக்கு நஃபீஸா, மரைக்காருட முதுகுல பட்டிடும்.

— ஜெமீல் நானா, கிணத்து ஆமைக்கு மரைக்கார் எண்டு பேர் வச்ச ஆள் இந்தப் புத்தளத்துலயே நீங்கதான். இப்ப என்னத்துக்கு இத எனக்குத் தாறீங்க? எண்ட கிணத்துல ஆமை இல்லையெண்டு நான் அழுதனா?

— நான் போனா இதுக்கு ஆரு சோறு போடுற?

— எங்க போறீங்க?

— எண்ட மனுசி றம்ஸியா போன இடத்துக்குத்தான். மையத்துப்பிட்டியில அவவ அடக்கின இடத்துக்குக் கிட்ட எனக்கும் இடம் பாத்து வச்சிட்டன்.

— அந்த வாயில உப்பக் கொட்ட! இந்த ஊருல உப்புக்கா பஞ்சம்? குடல்ல சின்னக் கட்டி, வெட்டி எடுத்தாச் சரியெண்டு டொக்டர் சொன்னாரா இல்லையா? திங்கக்கிழமை ஒப்பரேசன்.

— நான் போகல்ல. அண்டைக்கு ஆமை பாக்க வந்த கெம்பஸ் பிள்ளை, மயூரதி, என்ன சொன்னா தெரியுமா? ஆமைக்குக் கேன்சர் வாறது சரியான குறைவாம். உடம்புல கெட்டுப்போறத உடம்பே கழிச்சு உட்டிடுமாம். அதுதான் அவ்வளவு காலம் இரிக்கிதாம்.

— நல்லம். இரிக்கட்டும்.

— அகதியா வந்து இந்தக் கிணறு வெட்டின வருசம் றம்ஸியா உட்ட ஆமை. அண்டையில இருந்து ஒரே தண்ணியத்தான் ரெண்டு பேரும் குடிக்கிறம். எனக்கு மட்டும் ஏன் வந்த?

— அது பீடி குடிக்கல்லையே நானா. சண்டை போட்டு வாசிகசாலைக் கதிரைய உடைக்கவும் இல்ல.

— உன்னோட கதைக்கேலா. அந்தா வாளிக்குள்ள ஏறுது... சே, இறங்கிட்டுது.

— அதுக்கும் வர விருப்பமில்ல. நானா, மன்னாருல இருந்து வள்ளத்துல வரக்குள்ளயும் நீங்க இதே ஒப்பாரிதான். "முடிஞ்சுது, முடிஞ்சுது" எண்டு கத்தி, கைப்பிள்ளையெல்லாம் அழப் பண்ணினீங்க. என்ன முடிஞ்ச?

— அண்டைக்கு வள்ளம் நிறைய ஆக்கள் இரிந்தாங்க, நஃபீஸா.

— ஓ... வெட்டுறதுக்குப் பயமில்ல. அப்படித்தானே?

— வெட்டட்டும். கண் முழிக்கக்குள்ள ஒரு முகம் தெரிய வேணாமா? யுத்தம் முடிஞ்சு எண்ட ஆக்கள் எல்லாம் மன்னாருக்குத் திரும்பிட்டாங்க. மகனுக்குக் கட்டாருல லீவு இல்ல. உங்கட ஆள் எங்க எண்டு நர்ஸ் கேட்டா, செவரக் காட்டவா?

— நான் வாறன்.

— நீயா? என்னெண்டு சொல்லுவ? பக்கத்து வீட்டுக்காரி, சீனி கேட்டு வாறவ எண்டா?

— சீனி கேட்டு வாறது நீங்க.

— சரி, நான்தான். அதுக்காக ஆம்பிளை வார்ட்டுல உன்ன உடுவாங்களா? ஊர் வாய மூடுமா?

— எண்ட மனுசன் றிம்ஸான் கண்ண மூட முந்தி அந்த வார்ட்டுல கிடந்த நேரம் நான் அங்கதானே நிண்டன். என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும், எல்லாம் தெரியும்.

— அவர் உண்ட மனுசன். மறிக்க மாட்டாங்க. இப்ப நர்ஸ் கேட்டா என்ன சொல்லுவ?

— உண்மையத்தான் சொல்லுவன்.

— என்ன உண்மை?

— இந்தக் கயித்தப் பிடிச்சு வாளிய மேல இழுங்க முதல்ல. மரைக்கார் எங்கட வீட்டுக்கு வரத் தேவல்ல, நான் அது இரிக்கிற வீட்டுக்கு வாறன். அஸர் தொழுதிட்டு நேர எண்ட கூடப்பிறந்த காக்காட்டப் போய்ப் பொண்ணு கேளுங்க.