பாதுகாப்புப் பொறுப்பாளர்

பொம்மைக் கார் என்று யாராவது சொன்னால் எங்கள் கிளப்பில் பலருக்குக் கோபம் வரும். எனக்கு வராது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு உயரம், கையில் ஒரு ரேடியோ கருவி, விரலை அசைத்தால் ஓடுகிறது. பார்க்கிறவர்கள் பொம்மை என்று நினைத்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் பேட்டரி பொம்மை இல்லை. நான் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது அது ஒன்றைத்தான்.

நீங்கள் வீபோர்க் நகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், எங்கள் ஊர்ப்பக்கம் பழக்கம் இருக்காது. கிளப் ஒரு பழைய பன்றிக் கொட்டகையில் நடக்கிறது. பன்றிகள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மழைநாளில் மட்டும் கொஞ்சம் ஞாபகப்படுத்தும். உள்ளே சாம்பல்நிறக் கம்பளம் விரித்து, வெள்ளைக் குழாய்களால் வளைவுகள் போட்டு, ஓட்டுகிறவர்கள் நிற்க ஒரு மேடை கட்டியிருக்கிறோம். தன் பந்தயம் முடிந்தவர் அடுத்த பந்தயத்தில் ஓரமாக நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும். ஜெயித்தவரானாலும் குனியத்தான் வேண்டும். அந்த ஒழுங்கு பிடித்துத்தான் நான் சேர்ந்தேன்.

அதற்கு முன் வாகன ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தேன். கிளப்பில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயில் ஆக்கியிருப்பேன். அதை அவர்கள் மறக்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் எஸ்கில்ட், "பரீட்சைக்காரர் வந்துட்டாரு, எல்லாரும் பெல்ட் போடுங்கப்பா" என்பான். மேடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பொறுப்பில் இருக்கிறவன் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

எஸ்கில்ட் பால் லாரி ஓட்டுகிறவன். பெரிய உடம்பு, பெரிய குரல். எந்த வளைவிலும் வேகத்தைக் குறைக்கமாட்டான், அப்படியும் ஜெயித்துவிடுவான். கேன்டீனை அவன் மனைவி மெரேதா பார்த்துக்கொண்டாள். இலவங்கப்பட்டை ரொட்டி சுடுவாள். தட்டின் ஓரத்தில் நன்றாகக் கருகிய ஒன்றை எனக்கென்று எடுத்து வைப்பாள். எனக்குக் கருகியதுதான் பிடிக்கும் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை, அவளாகத் தெரிந்துகொண்டாள்.

பேட்டரிகளை மேசைமேல் வெறுமனே சார்ஜில் போட்டுவிட்டு வெளியே சாப்பிடப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். அடிபட்ட பேட்டரி தலையணை மாதிரி உப்பும். அதைச் சார்ஜில் போட்டால் ஒரு நேரம் இல்லாவிட்டால் ஒரு நேரம் பற்றிக்கொள்ளும். தீப்பிடிக்காத பையில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள், பக்கத்தில் இருங்கள் என்று ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் தீர்மானம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கை உயரும். என் கை. சமாதானத்துக்காகவோ என்னவோ, என்னைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். மஞ்சள் சட்டை ஒன்றும் தந்தார்கள்.

ஒரு கூட்டத்தில் மட்டும் இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டாவது மெரேதாவுடையது. "ஹோல்கர் சொல்றது நியாயம்தானே, எஸ்கில்ட். ஒரு பைதானே" என்றாள். அடுத்த வாரமே அவனுக்கு ஒரு பை வாங்கியும் கொடுத்தாள். அவன் அதில் தன் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வந்தான். எல்லோரும் பார்க்கிற மாதிரி அதைத் திறந்து, ஈரல் பசை தடவிய கறுப்பு ரொட்டியை எடுத்து, "ஹோல்கர், பாருங்க, இன்னும் பத்திக்கல" என்றான்.

அன்று சிரித்த அளவுக்கு அந்தக் கொட்டகையில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. மெரேதா சிரிக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அவளுக்குச் சேர வேண்டியது.

பேச்சால் கற்பிக்க முடியாதவர்களுக்கு அனுபவத்தால் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தேர்விலும் அப்படித்தான். ஒருவன் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் நான் வாயால் சொல்லமாட்டேன், பிரேக்கை அழுத்துவேன். பிறகு அவன் ஆயுசுக்கும் பார்ப்பான்.

என் வீட்டுத் தோட்டத்தில், மண் தொட்டிக்குள், உப்பிய பேட்டரி ஒன்றை வைத்திருந்தேன். என் காரில் அடிபட்டது. எஸ்கில்ட் வைத்திருந்த அதே வகை, அதே நீல உறை. வசந்தகாலப் பந்தயத்தன்று மதியம், அவன் தன்னுடையதைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போனதும், அதை எடுத்துவிட்டு என்னுடையதை மாட்டினேன். வாசலுக்கு வந்து நின்றேன். மஞ்சள் சட்டை போட்டிருந்தேன், கையில் தீயணைப்பான் இருந்தது. மேசை எல்லோர் கண்ணிலும் படும்படி கொஞ்சம் எரியும், நான் அணைப்பேன், பிறகு பேசுவோம். என் திட்டம் அவ்வளவுதான். இதில் ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

வெளியே முற்றத்தில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். மெரேதா என்னைத் தாண்டி உள்ளே போனாள். சாமான் அறை கொட்டகையின் கோடியில், சார்ஜ் மேசையைத் தாண்டி இருக்கிறது. அதற்கு வேறு வழி கிடையாது.

"ரெமுலாட் சாஸ் தீந்துபோச்சு" என்றாள். "உங்களுக்கு வறுத்த வெங்காயமும் கொண்டாரவா?"

கொண்டு வரச் சொன்னேன்.

விபத்து என்று முடிவு செய்த உங்கள் போலீஸ் சகாவிடம், அவள் போனபிறகுதான் புகையைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தேன். அது சரியல்ல. அவள் வருவதற்கு முன்பே ஒரு வெள்ளை நூல் மாதிரிப் புகை எழும்பிவிட்டது. வெளிச்சத்திலிருந்து வந்தவளுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவளைத் தடுத்தால் ஏன் என்று கேட்பாள். புகையைக் காட்டினால் அவள் எஸ்கில்டைக் கூப்பிடுவாள். அவன் ஓடிவந்து கம்பியைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியை மணல்வாளியில் போட்டுவிட்டு, அதற்கும் ஒரு ஜோக் சொல்வான். அடுத்த வாரம் பழையபடி வெறும் மேசைதான். நான் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டேன்.

பக்கத்தில் டயரில் தடவும், சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவப் புட்டிகளை யாரோ மூடாமல் வைத்திருந்தார்கள். அதுவும் விதிமீறல்தான், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தீயைவிடப் புகை பெரிதாக இருந்தது. அவள் சாமான் அறைக்குள் இருந்துகொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தன் புருஷன் பெயரை அல்ல, என் பெயரை. நான் வாசலில் நிற்பது அவளுக்குத் தெரியும் அல்லவா. மற்றவர்களும் கேட்டு ஓடிவரட்டும் என்று காத்திருந்தேன். வந்ததும் முதலில் உள்ளே போனவன் நான்தான். இந்தக் கை அப்போது வெந்தது. நகராட்சியிலிருந்து பூங்கொத்து அனுப்பினார்கள். எஸ்கில்ட் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "நீங்க சொன்னீங்க, ஹோல்கர். நான்தான் கேக்கல" என்றான். அவன் அதைச் சொன்னபோது, எல்லாம் சேர்ந்து ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது போல எனக்கு இருந்தது.

மெரேதாவின் இறுதிச் சடங்கில் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகப் பேசினேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. இப்போது ஒவ்வொரு பேட்டரியும் பையில் இருக்கிறது, ஒவ்வொரு மேசையிலும் ஆள் இருக்கிறது. கொட்டகையில் யாரும் சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை.

அத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளறுகிறேன் என்று நீங்கள் ஆரம்பத்தில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

எஸ்கில்ட் பந்தயத்தை விட்டுவிட்டான். ஆனால் கிளப்புகளுக்குப் போய்ப் பேச ஆரம்பித்திருக்கிறான். முதலில் பக்கத்து ஊர், பிறகு ரண்டர்ஸ், பிறகு தீவுகள் வரைக்கும். மெரேதாவின் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு பேசுகிறானாம். போன மாதம் எங்கள் கொட்டகைக்கே வந்தான். இளைத்திருந்தான், அந்தக் குரலும் போய்விட்டது. "பேட்டரி பொம்மை இல்ல. பையில வைங்க, பக்கத்துல இருங்க" என்றான். என் வார்த்தைகள், ஒன்று மாறாமல். வருஷக்கணக்கில் நான் சொன்னபோது காபி ஊற்றப் போனவர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். பேச்சு முடிந்ததும் அவன் என் பக்கம் வந்து, ஏதாவது விட்டுப்போச்சா என்று கேட்டான். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றேன். உண்மையில், யார் முதலில் சொன்னது என்பது விட்டுப்போயிருந்தது.

கிளப்புகளின் சம்மேளனம் அந்த விதியை நாடு முழுவதற்கும் கொண்டுவரப் போகிறதாம். அதற்கு எஸ்கில்டின் பெயரை வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பெயருக்கு ஆசைப்படுகிறவன் இல்லை நான். ஆனால் ஒரு விஷயம் சரியாகப் பதிவாக வேண்டும் என்றால் முழுதாகப் பதிவாக வேண்டும். அதனால்தான் மாட்டியது நான், பார்த்தது நான், வழிவிட்டது நான் என்று சொல்கிறேன். எதையும் மறைக்கவில்லை.

கூப்பிட்டிருந்தால் அவள் வெளியே வந்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். வந்திருப்பாள். நேரம் தாராளமாக இருந்தது. நான் சொன்னால் கேட்கிறவள் அங்கே அவள் ஒருத்திதான்.

எஸ்கில்டிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லுங்கள், அவன் நொந்துபோனவன். ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அன்று ஆல்போர்க்கில் அவனை மறுபடி பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.