மூன்றாம் கேபினும் ஐந்தாம் கேபினும்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் என்னென்ன விழும் என்று வெளியாருக்குத் தெரியாது. மிக்சர், தலைமுடி, கடித்துத் துப்பிய நகம். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஐந்து வருடமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். இதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருந்ததே இல்லை. துடைத்துவிட்டு அதே கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போவேன்.

எனக்குக் குமட்டியது வேறு. கடை அடைக்குமுன் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அன்று பார்த்த பக்கங்களை அழிப்பது என் வழக்கம். அழிக்கும்போது கண்ணில் படும். 2009 தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஆர்க்குட்டில் நம் மாவட்டத்துக்காரர்கள் கூடும் குழு ஒன்றில் ‘தில்லை வேங்கை’ என்று ஒருவன், ‘கெடிலத்தான்’ என்று ஒருவன். ஆளுக்கொரு கட்சி. தலைவரில் ஆரம்பிப்பார்கள், ஜாதிக்குப் போவார்கள், அங்கிருந்து பெற்ற தாய்க்குப் போய்விடுவார்கள். பந்தியில் எச்சில் இலை எடுக்கிறவனாவது இலையைப் படிக்க வேண்டியதில்லை.

வேங்கை என்பது மூன்றாம் கேபினில் உட்காரும் ராஜமாணிக்கம், அரசாங்க ஆபீஸ் கிளார்க். கெடிலத்தான் ஐந்தாம் கேபின் சடையப்பன், சிப்காட்டில் வேலை, கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வருகிறவர். ராஜமாணிக்கத்தின் அக்காள் புருஷன். எதிராளி யாரென்று இருவருக்குமே தெரியாது. எனக்குத் தெரியும். நடுவில் எழுந்து ஒன்றாக டீ குடிப்பார்கள்.

“இன்னா மாமா, மொகம் வாடிக் கெடக்கு?”

“ஒண்ணுமில்ல மச்சான். நெட்ல ஒரு நாயி ஜாஸ்தியா கொரைக்குது.”

டீயை முடித்துவிட்டு உள்ளே போய் ஒருவரை ஒருவர் குதறுவார்கள். முதலில் நானும் சிரித்தேன். ஆறு மாதம் படித்தால் சிரிப்பு வராது. இதெல்லாம் நமக்கெதற்கு என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். “நீ கடையப் பாரு பஞ்சநாதம்” என்றார்கள் இருவரும்.

ராஜமாணிக்கத்தின் மகள் எழிலரசியைச் சடையப்பனின் மகன் அன்புமணிக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் சடையப்பன் மாலை ஆறு மணிக்கு எழுந்து போனார். சைன் அவுட் செய்யவில்லை. பாதிப் பேர் செய்வதில்லை, நான்தான் மூடுவேன். அன்று மூடாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறே காலுக்கு எழுதினேன்.

‘வேங்கை யாரென்று தெரியும் மச்சான். நான் உன் அக்காள் புருஷன்தான். உன் மகள் பிச்சாவரம் படகில் யாரோடு போனாள் என்று பக்கத்துக் கிள்ளை ஊரில் போய்க் கேள். என் மகனுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்.’

அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. மூன்றாம் கேபினில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ராஜமாணிக்கம் வாசலில் விட்ட செருப்பைக்கூட மாட்டாமல் போனார்.

சண்டை நின்றது. கல்யாணமும் நின்றது. தான் எழுதவில்லை என்று சடையப்பன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாராம். கெடிலத்தான் என்ற பெயர் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டவரை யார் நம்புவார்கள்? ஊர் அந்தப் படகைப் பற்றியே பேசியது.

நான்காம் நாள் எழிலரசி கடைக்கு வந்தாள். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று போலீஸ் உத்தரவுப்படி நோட்டில் எழுதுகிறோமே, அதைக் கேட்டாள்.

“அண்ணே, அது ஆறே காலுக்கு வந்துருக்கு. மாமா ஆறுக்கே கெளம்பி நேரா வூட்டுக்கு வந்துட்டேன்றாரு, அங்க ஏது நெட்டு? நோட்டுல இருந்தா காட்டுங்கண்ணே, அப்பா நம்பிடுவாரு. நான் பிச்சாவரமே பாத்ததில்ல.”

நோட்டு என் முழங்கைக்கு அடியில் இருந்தது. “அன்னிக்கு எழுத மறந்துட்டேம்மா” என்றேன்.

“பரவால்லண்ணே” என்றாள். மறுநாள் காலை ஊருக்கு வெளியே குளத்திலிருந்து அவளை எடுத்தார்கள்.

அந்த நோட்டு இப்போது ஸ்டேஷனில் உங்கள் மேசையில் இருக்கிறது. சடையப்பன், வெளியே ஆறு மணி, என் கையெழுத்துதான். காட்டியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அவள் நிற்கும்போதே யோசித்தேன் ஐயா. காட்டியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். மாமனும் மச்சானும் சமாதானமாகி, அடுத்த வாரமே ஆளுக்கொரு புதுப் பெயரில் முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். அவ்வளவையும் நான் மறுபடி படித்திருக்க வேண்டும்.