அடேல் அம்மையாரின் கல்லில் இரண்டாவது ஆண்டு

அமெரிக்காவின் வெர்மான்ட் கருங்கல்லுக்கு வாய் கொடுத்தவரே! வருவோர் தரும் ஆங்கில வாசகங்களை வழுவற லத்தீனாக்கி எங்கள் உளிகளுக்கு வழங்கிய வல்லவரே! எங்கள் கல்லறைக்கல் பட்டறையின் கண்ணே, அடேல் திபோ அம்மையாரே, வணக்கம்!

முப்பத்தெட்டு ஆண்டுகள்! "மீன் பிடிக்கப் போயிருக்கேன்னு போடுங்க" என்று சிரித்தவருக்கும், "நல்ல அம்மா" என்பதற்குமேல் சொல்ல வராமல் அழுதவருக்கும் ஒரே பொறுமையோடு லத்தீன் தேடித் தந்தீர்கள். வெட்டி முடித்த கல்லில் உள்ளங்கையை வைத்து வாசகத்தை உரக்கப் படிப்பீர்கள். நீங்கள் தவறென்ற கல்லை அன்றே உடைப்பது நம் வழக்கம்.

மனைவியின் கல்லில் "சீக்கிரம் வருகிறேன்" என்று லத்தீனில் கேட்டவருக்கு மட்டும் மறுத்தீர்கள். "இங்கிலீஷ்லயே இருக்கட்டும் சார். லத்தீன்ல வெட்டினா அங்க மண்ணுக்குக் கீழ இருக்கறவங்க நெஜம்னு எடுத்துப்பாங்க" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். அவர் வேறு பட்டறைக்குப் போய் வெட்டிக்கொண்டார். பனி உருகுமுன் அதே கல்லில் அவர் பெயரும் ஏறியது.

அறிந்தும் அறிவிழந்தோம், அம்மையீர்! பிரிவுப் பரிசாக உங்கள் பெயரைக் கல்லில் வெட்டினோம். கீழே நீங்கள் பணியில் சேர்ந்த ஆண்டு, ஒரு கோடு, விலகும் இந்த ஆண்டு. அதற்கும் கீழே, "நன்றாக உழைத்தவர்" என்று எங்கள் உளிக்காரர் ரினால்டோ உங்கள் பழைய வாசகங்களிலிருந்து எடுத்துக் கோத்த லத்தீன். கல்லறைக்கல்லே வெட்டிப் பழகிய கைகள், வேறெப்படி வெட்டும்?

இன்று காலை அதன்மேல் கை வைத்துப் படித்தீர்கள். "தப்பே இல்லடா ரினால்டோ. ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். ஏன் எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றீர்கள். பிறகு, "கல்லு ஏன் இவ்வளவு கதகதன்னு இருக்கு?" என்றும் கேட்டீர்கள். நீங்கள் காபி குடிக்கப் போனதும் இரண்டாவது ஆண்டை எந்திரம் வைத்துத் தேய்த்தோம். தூசியைக் கழுவத் தண்ணீர் ஊற்றினால், தேய்த்த இடத்தில் அதே ஆண்டு தெரிகிறது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

ஆகவே, நீடூழி வாழ்க என்று வாழ்த்த வேண்டிய இடத்தில் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஓய்வு பெறாதீர்கள்! நீங்கள் விலகாமல் இந்த ஆண்டைக் கடந்துவிட்டால் கல்லில் உள்ள ஆண்டு பொய்யாகிவிடும். புத்தாண்டின் முதல் வேலைநாளில் வழக்கம்போல் பட்டறைக்கு வந்து, அந்தக் கல்லில் கை வைத்து, தவறு என்று ஒரு சொல் சொல்லுங்கள். ரினால்டோ சம்மட்டியோடு நிற்பார்.

அதுவரை தனியே எங்கும் போக வேண்டாம். இன்று வீடுவரை நாங்கள் கூட வருகிறோம். வாசற்படியில் பனி உறைந்து கிடக்கிறது.

உங்களை அனுப்ப மனமில்லாத,
பட்டறைத் தோழர்கள்